வால்ட்டருக்கு ஒரு தட்டு

ஜனவரி 14, செவ்வாய்

இன்று நான்கு தடவை வால்ட்டர். காலையில் இரண்டு, சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு. ஒவ்வொரு தடவையும் அதே இடது கால், அதே வீக்கம், அதே "மூணு நாளா எரியுதும்மா." கடைசி நர்சிடம் சொல்லும்போது எனக்கே கால் நிஜமாக எரிந்தது.

நர்சுகளுக்குப் பயிற்சி கொடுக்கும் கெயில் போன வருஷம் கூப்பிட்டபோது சுலபமாகத்தான் தெரிந்தது. நர்சுகளே மருந்து எழுதிக் கொடுக்கலாம் என்று வந்துவிட்டது, அவர்கள் பழகுவதற்குப் பொய் நோயாளிகள் வேண்டும், வீட்டிலேயே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் போதும் என்றாள். "சர்ச் நாடகத்துல கிழவனா வந்து அழ வெச்சீங்களே ஃபோன்ஸ், அந்த மாதிரிதான்." படகில் டிக்கெட் கிழித்து ஓய்வு பெற்றவன் நான். மனைவி மெர்சிடிஸைத் தனியே விட்டு வெளியே போக முடியாதவனுக்கு வீட்டுக்குள்ளேயே வேலை. சரி என்றேன்.

வால்ட்டர் ஒரு தனிக்கட்டை. மனைவி செத்து மூன்று வருஷம். பென்சிலின் அவனுக்கு ஒத்துக்கொள்ளாது. ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரை வேறு சாப்பிடுகிறான். இரண்டையும் அவனாகச் சொல்லக் கூடாது. தலையைக் குனிந்து எழுதிக்கொண்டே "அலர்ஜி இருக்கா?" என்று கேட்டால் "இல்லம்மா." முகத்தைப் பார்த்து, "எந்த மருந்தாவது சாப்பிட்டு உடம்புக்கு முடியாமப் போயிருக்கா?" என்று கேட்டால் எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும். இன்று ஒருத்திதான் அப்படிக் கேட்டாள். மற்றவர்கள் கையில் வால்ட்டர் செத்தான்.

நடுவில் மெர்சிடிஸ் கதவுக்கு வெளியே நின்று, "உள்ள யாரு வந்திருக்கா?" என்றாள்.

"யாருமில்ல. நான் வேலை பார்க்கறேன்."

"ஆம்பளைக் குரல் கேட்டுதே."

நானும் ஆம்பளைதானே என்று சொல்ல வந்தேன். அடுத்த நர்ஸ் காத்திருந்தாள்.

ஜனவரி 15, புதன்

பனி. வாசலை வெட்டி வழி விட்டேன். முதுகு போச்சு.

ஜனவரி 21, செவ்வாய்

பட்டாணி சூப் வைத்திருந்தேன். கம்ப்யூட்டர் வைத்திருக்கும் தையல் அறையிலிருந்து வெளியே வந்தால் மேஜையில் மூன்று தட்டு.

"மூணாவது யாருக்கு?"

"உள்ள ஒருத்தர் இருக்காரே, அவருக்கு. காலு வலின்னு புலம்பிட்டே இருக்காரு. வயித்துக்கு ஒண்ணும் குடுக்க மாட்டீங்களா நீங்க?"

'நீங்க'. 'நீ' போய்க் கிறிஸ்துமஸ் சமயத்திலிருந்தே அப்படித்தான். 'ஃபோன்ஸ்' என்று என் பெயரை அவள் வாயால் கேட்டு எவ்வளவு நாளாயிற்று? நான் இந்த வீட்டில் ஏதோ வேலை பார்க்கிறவன் என்று நினைக்கிறாள். நல்ல வேலைக்காரன் என்று நினைக்கிறாள், அது ஒரு ஆறுதல்.

மூன்றாவது தட்டையும் நானே உள்ளே எடுத்துப் போய்ச் சாப்பிட்டேன். காலித் தட்டைப் பார்த்து அவளுக்குச் சந்தோஷம். வால்ட்டருக்கு நல்ல பசி.

ஜனவரி 30, வியாழன்

இன்று மெர்சிடிஸ் காதில் விழுந்துவிட்டது. வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று ஒரு நர்ஸ் கேட்க, நான் வால்ட்டராக, "யாருமில்லம்மா, என் பொண்டாட்டி செத்து மூணு வருஷமாச்சு" என்றேன். சொல்லி முடித்துக் கதவைத் திறந்தால் நடையில் நிற்கிறாள். கண் நிறையத் தண்ணீர்.

"பாவம் அந்த மனுஷன்," என்றாள். "எப்படித் தாங்கறாரோ."

அவர் நல்லா இருக்காரு, கவலைப்படாதே என்றேன். அவள் அலமாரியைத் திறந்து கடைசி பேக்ஆப்பிள் ஜாம் பாட்டிலை எடுத்து என் கையில் வைத்தாள். இரண்டு வருஷம் முன்னால் சதுப்பில் முழங்கால் அளவு சேற்றில் நின்று அவளே பறித்த காட்டுப் பழம். யாருக்கும் கொடுக்காமல் பூட்டி வைத்திருந்தது, எனக்குக்கூட.

"அவருகிட்ட குடுங்க. நான் குடுத்தேன்னு சொல்ல வேண்டாம்."

நாற்பத்தோரு வருஷத்தில் என்னை அவள் இவ்வளவு கனிவாகப் பார்த்தது கிடையாது. பார்த்தது என்னையும் இல்லை.

பிப்ரவரி 6, வியாழன்

மகள் கொலீன் ஆல்பர்ட்டாவிலிருந்து போன் செய்தாள். எப்போதும் போல அழுகையில் ஆரம்பித்துக் கோபத்தில் முடிந்தது.

"அப்பா, நீங்க எப்பத் தூங்கினீங்க கடைசியா?"

"தூங்கறேன், தூங்கறேன்."

"பொய். குரல்லயே தெரியுது. அம்மாவை முதியோர் இல்லத்துல சேர்க்கறதுக்குப் பேரு எழுதி வைங்கன்னு எத்தனை தடவை சொல்றது?"

"அவளைக் கேக்காம எப்படிம்மா?"

"அம்மாவை எப்படிப்பா கேக்கறது? அவங்கதான் இல்லையே அங்க."

போனை வைத்துவிட்டேன். பிறகு நானே கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். அவள் சொன்னதில் தப்பில்லை. அதனால்தான் கோபம் வந்தது.

பிப்ரவரி 11, செவ்வாய்

மூன்று வால்ட்டர். மெர்சிடிஸ் பகலெல்லாம் தூங்கினாள். எழுப்பினால் கண்ணைத் திறந்து சுவரைப் பார்க்கிறாள். எனக்கு ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

பிப்ரவரி 18, செவ்வாய்

நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

இன்று பரீட்சை. கெயில் தன் முகத்தைக் காட்டாமல் எங்கோ உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். மணி அடிப்பதற்குள் நர்ஸ் என்னை விசாரித்து, மருந்தை எழுதி, எப்படிச் சாப்பிடுவது என்று விளக்கி முடிக்க வேண்டும். என்ன ஆனாலும் நான் வால்ட்டர்தான். அது விதி.

மதியம் வந்தவள் பெயர் லியோனா டர்ன்ஃபோர்ட். படகு மட்டுமே போகும் ஒரு தெற்குக் கரை ஊரில் நர்ஸ். ஐம்பதை நெருங்கிய முகம், கண்ணுக்குக் கீழே கறுப்பு. வேலை முடிந்து சட்டையைக்கூட மாற்றாமல் வந்து உட்கார்ந்திருந்தாள். ஆனால் என்னைப் பார்த்தாள். எடுத்த எடுப்பிலேயே,

"வால்ட்டர் ஐயா, காலு இருக்கட்டும். இதுக்கு முன்னாடி எந்த மருந்தாவது உங்களைப் படுத்தியிருக்கா?"

மனசுக்குள் கைதட்டினேன். பென்சிலினைச் சொன்னேன். அடுத்து ரத்த மாத்திரைக்குத்தான் வந்துகொண்டிருந்தாள் - அப்போது கதவு திறந்தது.

மெர்சிடிஸ். கையில் தட்டு, தட்டில் காலையில் நான் பொரித்து வைத்த மீன் கட்லெட். நேராக என்னிடம் வந்தாள்.

"வால்ட்டர், மொதல்ல சாப்பிடுங்க. பொண்டாட்டி போயிட்டான்னு பட்டினி கிடந்தா அவ திரும்பி வந்துருவாளா?"

நான் வால்ட்டராகவே, "ரொம்ப நன்றிம்மா, வெச்சுட்டுப் போங்க" என்றேன். அப்படிச் சொல்ல எனக்கு எப்படி வாய் வந்தது? தட்டு சரிந்து கட்லெட் எல்லாம் தரையில். அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு ஆடிக்கொண்டு நின்றாள்.

லியோனா மெதுவாகக் கேட்டாள்: "ஐயா, இது பரீட்சையில இருக்கறதா?"

நான் எழுந்து மெர்சிடிஸின் கையைப் பிடித்தேன்.

"நிஜமா?"

"நிஜம்."

"உங்க வீட்டம்மாவா?"

"ஆமா."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "அம்மா, இப்படி உக்காருங்க. நான் லியோனா. உங்க பேரு என்ன கண்ணு?"

மெர்சிடிஸ் ரொம்ப நேரம் யோசித்து, "மெர்சிடிஸ் கரீன்" என்றாள்.

"உதட்டை நக்கிட்டே இருக்கீங்களே மெர்சிடிஸ், வாய் வறண்டு போகுதா?"

"பஞ்சை அடைச்ச மாதிரி இருக்கு. யாரும் கேக்கல."

யாரும் கேக்கல. நான் இந்த வீட்டிலேயே இருக்கிறேன்.

"எப்பலேர்ந்து இவங்க இப்படி?" என்று என்னைக் கேட்டாள்.

"மறதி வந்து மூணு வருஷமாகுது. ஆனா போன செப்டம்பர் வரைக்கும் என்னோட உக்காந்து சீட்டு ஆடுவா. என்னைத் தெரியும். அப்புறம் ஒரேயடியா..."

"அந்தச் சமயத்துல புதுசா ஏதாவது மாத்திரை?"

"நர்சம்மா, உங்க நேரம் ஓடுது. வால்ட்டர் காலுக்கு இன்னும் மருந்து எழுதல."

"வால்ட்டர்னு ஒருத்தர் இல்லவே இல்ல ஐயா. போய் மாத்திரை எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்க."

எடுத்துக்கொண்டு வந்தேன். ஒவ்வொன்றாக காமிராவுக்கு முன்னால் பிடிக்கச் சொன்னாள். சிறுநீர் அடக்க முடியவில்லை என்று போனில் ஒரு டாக்டர் கொடுத்தது. தூக்கத்துக்காகக் கடை அலமாரியிலிருந்து வாங்கிக்கொண்டிருப்பது. இந்த இரண்டிலும் நின்றாள்.

"ரெண்டும் ஒரே ஜாதி. ஒண்ணு போதும் மறதிக்காரங்களை மந்தமாக்க. சேர்ந்தா கேக்கவே வேண்டாம். ஆனா நிறுத்துங்கன்னு நான் சொல்ல முடியாது. நான் இவங்க நர்ஸ் இல்ல, எனக்கு இன்னும் அந்த அதிகாரமும் வரல. காலையில மொத வேலையா மருந்துக் கடைக்காரரைக் கூப்பிட்டு இந்த ரெண்டு மாத்திரையோட பேரையும் சொல்லுங்க. டாக்டர்கிட்ட பேசச் சொல்லுங்க. சொல்லுவீங்கதானே?"

"சொல்றேன்."

மணி அடித்தது. அவள் வால்ட்டருக்கு ஒரு மாத்திரைகூட எழுதவில்லை.

பிப்ரவரி 19, புதன்

கெயில் கூப்பிட்டாள். அவள் குரலும் சோர்ந்துதான் இருந்தது.

"தேர்ச்சி இல்ல ஃபோன்ஸ். நான் என்ன செய்யறது?"

"கெயில், உனக்குக் கண் இல்லையா? நீயும் பார்த்துட்டுத்தானே இருந்தே?"

"பார்த்தேன். அழுதேன். ஆனா மருந்து எழுதறதுதான் பரீட்சை, அவ எழுதல. மறுபடி மே மாசம் வந்து எழுதலாம்."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் அவ ஊர்ல ஒரு குழந்தைக்குக் காது வலின்னாக்கூட படகு ஏறணும். அங்க டாக்டர் இல்ல." பிறகு என் விஷயத்துக்கு வந்தாள். "உங்களையும் நிறுத்திடலாமான்னு மேல கேட்டாங்க. வேண்டாம்னுட்டேன். கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் மட்டும் போடுங்க கண்ணு."

நோயாளியாக நடிப்பவரும் தன் பங்குக்கு நர்சுக்கு மதிப்பெண் போட வேண்டும். 'உங்கள் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டாரா?' என்ற இடத்தில் ஐந்துக்கு ஐந்து போட்டேன். அது எந்தக் கணக்கிலும் சேராது என்று கெயில் முன்பே சொல்லியிருக்கிறாள்.

பிப்ரவரி 20, வியாழன்

மருந்துக் கடைக்காரர் ஹான், டாக்டரிடம் பேசிவிட்டார். சிறுநீர் மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். தூக்க மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். "உடனே ஒண்ணும் தெரியாது ஃபோன்ஸ். எதையும் எதிர்பார்க்காதே," என்றார்.

எதிர்பார்ப்பா? நானா?

பிப்ரவரி 27, வியாழன்

தினமும் படுக்கை விரிப்பு மாற்றுகிறேன். சில நாள் இரண்டு தடவை. தூக்கமும் இல்லை அவளுக்கு. அலமாரிகளைத் திறந்து மூடிக்கொண்டே இருக்கிறாள். என்னை அடிக்கக் கை ஓங்கினாள். அந்த நர்ஸ் நல்லது செய்தாளா கெட்டது செய்தாளா? சனியன், இருந்தபடியே இருந்திருக்கலாம்ல? சும்மா சுவத்தைப் பார்த்துட்டுத்தான இருந்தா, நானும் கொஞ்சம் உக்காந்திருப்பேன்ல?

மார்ச் 3, திங்கள்

தாழ்ப்பாள் வாங்கி வந்தேன். பொருத்தவில்லை.

மார்ச் 12, புதன்

மதியம் சும்மா சீட்டை எடுத்துக் கலைத்துக்கொண்டிருந்தேன். அவள் எதிரே வந்து உட்கார்ந்து கையை நீட்டினாள். எங்கள் பழைய 'நூற்றிருபது' ஆட்டத்துக்கு ஐந்தைந்தாகப் போட்டேன். எடுத்து விசிறி மாதிரி பிரித்துப் பிடித்தாள், பழையபடி. இரண்டு கை ஆடினோம். மூன்றாவதில் நான் எதை இறக்குவது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது,

"துருப்பு அஞ்சை ஒளிச்சு வெச்சிருக்கே. ஏமாத்தறே ஃபோன்ஸ்," என்றாள்.

ஏமாற்றிக்கொண்டுதான் இருந்தேன். சீட்டையெல்லாம் மேஜையில் போட்டுவிட்டு எழுந்து போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

"தோத்தா இப்படியா எழுந்து போவே?" என்று பின்னாலிருந்து சத்தம்.

மார்ச் 24, திங்கள்

அவள் வால்ட்டரை மறந்துவிட்டாள். ஆனால் காது நன்றாகக் கேட்கிறது. வேலையை முடித்துக்கொண்டு வெளியே வந்தால் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

"நான் எப்ப செத்தேன்?"

"என்ன?"

"மூணு வருஷமாச்சாமே! எனக்கு ஒருத்தரும் சொல்லவே இல்ல. யாருகிட்ட சொல்லிட்டிருந்தே? குரல் பொம்பளைக் குரலா இருந்துதே?"

சிரிப்பு வந்துவிட்டது. வெகுநாளாக வராத சிரிப்பு, நெஞ்சு வலித்தது. உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன் - பொய் நோயாளி, நர்சுகள், வால்ட்டர். தட்டு வைத்ததையும் ஜாம் கொடுத்ததையும் சொன்னேன். ஜாமுக்குக் கோபித்துக்கொண்டாள். "அந்தப் பாட்டிலையா? அதைத் தின்னுட்டியா நீ?" பிறகு சட்டென்று என் முகத்தைப் பார்த்தாள்.

"இதெல்லாம் நான் செஞ்சேனா?"

"ஆமா."

"எனக்கு ஒண்ணுகூட ஞாபகம் இல்லையே ஃபோன்ஸ்."

ஏப்ரல் 2, புதன்

டாக்டர் போனில் பேசினார். மந்தம் மாத்திரையால் வந்தது, அது போய்விட்டது. மறதி மாத்திரையால் வந்ததில்லை. அது இருக்கும், வளரும்.

போனை வைத்ததும் அவள் கேட்டாள். மறைக்க முயற்சி செய்தேன், முடியவில்லை.

"மறுபடி அப்படி ஆயிடுவேனா? உன்னைத் தெரியாம?"

"ஆகலாம்."

"எப்ப?"

"தெரியல. சொல்ல முடியாதாம்."

ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். ஓரம் வரைக்கும் சீராகத் தடவி முடித்தாள். "அப்ப தெரியும்போதே சில வேலையெல்லாம் முடிச்சிடணும்," என்றாள்.

ஏப்ரல் 3, வியாழன்

அவள் சொன்ன வேலை என்னவென்று தெரிந்துவிட்டது: முதியோர் இல்லத்துக்குப் போகப் பெயர் எழுத வேண்டுமாம். வேண்டாம் என்று கத்தினேன். நீ இப்போதான் திரும்பி வந்திருக்கே, நான் விட மாட்டேன்னு கத்தினேன். அவள் கத்தவில்லை.

"கண்ணாடியில உன் மூஞ்சியைப் பார்த்தியா? நான் வந்து பார்க்கறப்ப நீ பாதி ஆளா இருக்கே. நான் மறுபடி போறப்ப மீதியும் போயிடும். அப்புறம் கொலீனுக்கு யாரு இருக்கா?"

"நீ அங்க தனியா..."

"எனக்குப் புரியாத நாள்ல யாரோ கூட்டிட்டுப் போய்த் தள்ளிட்டு வர்றதுக்கு, புரியற நாள்ல நானே நடந்து போறேன். என் கோட்டை நானே மாட்டிக்கிட்டு."

ஏப்ரல் 15, செவ்வாய்

இல்லத்தைப் பார்க்கப் போனோம். காலியாக இரண்டு அறை. ஒன்றில் கடல் தெரிந்தது, இன்னொன்றில் கார் நிறுத்துமிடம். கூட்டிப்போன பெண் கடலைக் காட்டி, "இதுக்குத்தான் எல்லாரும் சண்டை போடுவாங்க" என்றாள்.

"அதை அறுபது வருஷம் பார்த்தாச்சு," என்றாள் மெர்சிடிஸ். "எனக்கு இந்தப் பக்கம். யாரு யாரோட வர்றாங்க, யாருக்குள்ள சண்டைன்னாவது தெரியும்."

படுக்கையில் உட்கார்ந்து எழும்பிப் பார்த்தாள். குழாயைத் திறந்து பார்த்தாள். சமையற்காரரைக் கூப்பிட்டு வெள்ளிக்கிழமை மீன் உண்டா என்று கேட்டாள். நான் அவள் கைப்பையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றேன்.

கொலீனுக்கு அவளே போனில் சொன்னாள். மறுமுனையில் கொலீன் அழுவது எனக்கே கேட்டது. "அம்மா, நீங்கதானா பேசறது? நிஜமா நீங்கதானா?"

"வேற யாரு பேசுவா? மூக்கைச் சிந்து."

மே 1, வியாழன்

போனாள். கோட்டை அவளே மாட்டிக்கொண்டாள்.

மே 2, வெள்ளி

வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. தூங்கலாம். தூக்கம் வரவில்லை.

மே 15, வியாழன்

லியோனா மறுபரீட்சைக்கு வந்தாள். அவளுக்கு வேறு ஆளைப் போடு என்று கெயிலிடம் முன்பே கேட்டுக்கொண்டேன். என் எதிரில் உட்கார்ந்தால் அவள் மறுபடி பேனாவைக் கீழே வைத்துவிடுவாளோ என்று பயம்.

நான் வேறு ஒரு பையனுக்கு வால்ட்டராக இருந்தேன். வீட்டில் யார் என்று கேட்டான். யாருமில்லை என்றேன். இருமல் வந்து அவனைக் காக்க வைத்துவிட்டேன்.

சாயங்காலம் கெயில் கூப்பிட்டாள். "பாஸ். நல்லாவே பாஸ். முடிச்சதும் மொதக் கேள்வி என்ன தெரியுமா? 'மெர்சிடிஸ் எப்படி இருக்காங்க?' விதிப்படி நான் சொல்லக் கூடாது."

"சொன்னியா?"

"சொன்னேன். சீட்டுல, அந்த நூத்திருபது ஆட்டத்துல, உங்களைத் தோக்கடிச்சாங்கன்னு சொன்னேன். சிரிச்சா. அப்புறம், எங்க வரைக்கும் சொல்றதுன்னு தெரியல ஃபோன்ஸ், அதோட நிறுத்திட்டேன்."

அதுவரைக்கும் சொன்னது போதும் என்றேன்.

மே 26, திங்கள்

இன்று போனபோது என்னைக் கொலீனின் மாமனார் என்று நினைத்தாள். கொலீனுக்குக் கல்யாணமே ஆகவில்லை. நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

ஜூன் 8, ஞாயிறு

உப்பு இறைச்சியும் முட்டைக்கோஸும் வேகவைத்து எடுத்துப் போனேன். ஒரு ஆளுக்குச் சமைக்க இன்னும் வரவில்லை. மூன்று பேர் சாப்பிடலாம்.

அவள் என்னை ரொம்ப நேரம் பார்த்தாள். பெயர் வரவில்லை. "நீங்க..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள். பரவாயில்லை என்றேன். பாதி சாப்பிட்டாள். கடற்கரையில் கேப்லின் மீன் கூட்டம் கூட்டமாகக் கரையேறுவதையும், ஊரே வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடுவதையும் சொல்லிக்கொண்டிருந்தேன். சாய்வு நாற்காலி மெத்தென்று இருந்தது. எந்த இடத்தில் கதையை விட்டேன் என்று தெரியவில்லை.

விழித்தபோது திரைச்சீலை இழுத்து மூடியிருந்தது. டெலிவிஷனில் படம் ஓடியது, சத்தம் இல்லை. என் மேல் அவளுடைய நீலக் கம்பளிச் சட்டை, கழுத்து வரைக்கும் இழுத்துவிட்டபடி. அவள் கட்டில் ஓரத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாத்திரை கொடுக்க வந்த பெண் வாசலிலேயே நின்று ரகசியமாகச் சொன்னாள்: "மூணாவது தடவை வர்றேங்க. ஒவ்வொரு தடவையும் வாயில விரலை வெச்சுத் துரத்திட்டாங்க. 'இந்த மனுஷன் ரொம்பக் களைச்சுப் போயிருக்காரு, யாரும் எழுப்பக் கூடாது'ன்னு."

மெர்சிடிஸ் திரும்பி அவளைப் பார்த்து, "ஷ்" என்றாள்.

நான் எழுந்திருக்கவில்லை. கண்ணை மறுபடி மூடிக்கொண்டேன்.